தொண்ணூறு நாள் தாண்டியும் தீராத அந்தரம்: ஆபாசப்படப் பழக்கத்தை விட்டவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்ணூற்றேழாவது நாள் காலை, புட்டு வரண்டு போச்சு என்று அம்மாவோடு சண்டை பிடித்தேன். நான் கத்தின கத்தலில் பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூப் போட்டுக் கோப்பையைத் திரும்ப முன்னுக்கு வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நான் கிணத்தடியில் போய்க் குந்தியிருந்தேன். பழக்கத்தை விட்டு மூன்று மாதம் தாண்டிவிட்டது. முதல் கிழமையில்கூட இப்படி எரிந்து விழவில்லை. இப்போது ஏன்?

அந்தக் கேள்வியோடு இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எப்படி விடுவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். விட்டு மாதக்கணக்கானபிறகும் நித்திரை வராமல், ஒன்றிலும் மனம் ஓடாமல், காரணமில்லாமல் விசர் பிடித்தமாதிரி இருப்பதைப் பற்றிக் கதைக்க ஆள் குறைவு. நான் வைத்தியன் இல்லை. பதினைந்து வயதில் பிடித்ததை முப்பத்தொன்றில் விட்டவன். அதற்காக ஒன்றரை வருடம் ஒரு உளவளத்துணையாளரிடம் போய்வந்தவன். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வருகிற எல்லாக் கஷ்டத்தையும் 'விலகல் அறிகுறி', அதாவது பழக்கத்தை நிறுத்தியதால் வரும் உபாதை, என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். அந்தச் சாக்குக்குள் மூன்று வேறு சாமான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டியது வேறு.

தொடங்க முன்னம்: என்ன தெரியும், என்ன கதை

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 இல் 'கட்டுமீறிய பாலியல் நடத்தைக் கோளாறு' என்று ஒன்று இருக்கிறது. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆபாசப் படத்தை விடமுடியாமல் தவிப்பவர்களில் பலர் இதற்குள்தான் வருவார்கள். ஆனால் அது மதுவோடும் சூதாட்டத்தோடும் 'அடிமையாதல்' என்ற பகுதியில் வைக்கப்படவில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோடு வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட மனநோய்க் கைநூலில் இது இல்லவே இல்லை. இன்னொன்றையும் ஐ.சி.டி. தெளிவாகச் சொல்கிறது: 'இது பாவம்' என்ற மனக்குத்தல் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது. கட்டுப்பாடு போயிருக்க வேண்டும், படிப்போ வேலையோ உறவோ கெட்டிருக்க வேண்டும் அல்லது கடும் மனவேதனை இருக்க வேண்டும், அது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். கோயில் கட்டுப்பாட்டோடு வளர்ந்த எங்கள் பெடியளில் பலருக்கு இருப்பது கோளாறா வெறும் குற்றவுணர்வா என்பதை முதலில் பார்க்கவேண்டி இருக்கிறது.

விலகல் அறிகுறி விஷயத்தில் ஆராய்ச்சி இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. வழமையாகப் படம் பார்க்கும் மாணவர்களை ஏழு நாள் நிறுத்தச் சொல்லிப் பார்த்த ஆய்வொன்று 2023 இல் வெளிவந்தது. நிறுத்தாதவர்களோடு ஒப்பிடும்போது விலகல் அறிகுறியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதேநேரம், சிகிச்சைக்கு வருகிறவர்கள் எரிச்சல், அமைதியின்மை, நித்திரைக் குழப்பம், மனச்சோர்வு, அடிக்கடி வரும் பாலியல் நினைவு என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரேநேரத்தில் உண்மையாக இருக்கலாம். 'தொண்ணூறு நாளில் மூளை பழையபடி ஆகும்' என்ற கணக்கு இணையத்தில் பிறந்தது. எந்த வைத்திய நூலும் அப்படி ஒரு தவணை வைக்கவில்லை. அந்தத் தவணையை நம்பினபடியால்தான் தொண்ணூற்றேழாம் நாள் எனக்கு அவ்வளவு கோபம்.

முதல் படி: ஒரு கொப்பி வாங்குங்கள்

போனில் எழுதவேண்டாம். நாற்பது பக்கக் கொப்பி போதும். அந்தரம் வரும் ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், முன்னுக்கு என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதிக் கடைசியில் ஒரு எழுத்துப் போடுங்கள். 'அ' என்றால் அவா. 'மூ' என்றால் உள்ளே மூடிக் கிடந்த கவலை. 'ப' என்றால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற பயம். என் கொப்பியில் இருந்து மூன்று வரி:

"செவ்வாய் இரவு 11.40. கரண்ட் போனது. வீட்டில் ஒருத்தரும் இல்லை. கை தானாகப் போனைத் தேடினது. 25 நிமிடம். அ."

"வியாழன் பின்னேரம். அண்ணை கனடாவில் இருந்து எடுத்தார். கதைத்து முடிந்தபிறகு ஒன்றிலும் மனம் இல்லை. படுக்கும்வரை. மூ."

"வெள்ளி விடிய. எழும்பேக்க உடம்பில் ஒரு அசைவும் இல்லை. நாள் முழுக்க அதே யோசினை. ப."

மூன்று கிழமையில் நாற்பத்தொரு வரி எழுதியிருந்தேன். அதில் 'அ' பன்னிரண்டுதான். நான் விலகல் என்று நினைத்ததில் முக்கால்வாசி வேறு ஏதோ.

இரண்டாம் படி: அவா வந்தால்

அவாவுக்கு ஒரு குணம் இருக்கிறது: திடீரென்று வரும், ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். ஊட்டாவிட்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். மாதங்கள் கழித்தும் ஏன் வருகிறது? மூளையில் ஒன்றை 'வேண்டும்' என்று தேடுவதும் அதை அனுபவித்துச் சுவைப்பதும் ஒன்றல்ல என்று ரொபின்சன், பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993 இல் எழுதினார்கள். பார்த்தால் இப்போது ஒரு சுகமும் இல்லை என்று தெரிந்தும் கை போவது அதனால்தான். பூட்டின கதவு, தனிய இருக்கும் மத்தியானம், போன் வெளிச்சம் எல்லாம் அடையாளங்களாகப் பதிந்துவிட்டன. பழைய பதிவு அழிவதில்லை. அதன் மேலே புதிய பழக்கம் படிகிறது. இடைவெளி விட்டுப் பழைய பதிவு தலைகாட்டும் என்பதை ரஷ்ய ஆய்வாளர் பவ்லோவ் தன் பரிசோதனை நாய்களிலேயே கண்டார். ஆகவே எண்பதாம் நாள் வருகிற அவா நீங்கள் தோற்றதற்கு அடையாளம் இல்லை.

செய்யவேண்டியது இது. அவா வந்தவுடன் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், 'நினைக்கக் கூடாது' என்று பல்லைக் கடிக்கவும் வேண்டாம். இரண்டு காலையும் தரையில் பதித்து இருங்கள். உடம்பில் எங்கே என்று தேடுங்கள்: நெஞ்சிலா, அடிவயிற்றிலா, தாடையிலா. அந்த இடத்தைப் பார்த்தபடி மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலை மேல் ஏறி மிதப்பதோடு ஒப்பிட்டார். எங்களுக்குச் சோளகக் காற்று தெரியும். அடிக்கிற நேரத்தில் அதோடு யாரும் வாதாடுவதில்லை, யன்னலைச் சாத்திவிட்டு இருப்போம்.

இருந்து பார்க்க முடியாத அளவுக்கு ஏறினால் இடத்தை மாற்றுங்கள். நான் கிணத்தடிக்குப் போவேன். வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இழுக்கும்போது கயிறு உள்ளங்கையில் உரசும். மூன்றாவது வாளி தலையில் விழும்போது மூச்சு ஒருதரம் நிற்கும். பத்து வாளி. தண்ணீருக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பத்து வாளி இழுக்கப் பத்து நிமிடம் எடுக்கும், அந்தப் பத்து நிமிடம் இரண்டு கைக்கும் வேலை இருக்கும்.

மூன்றாம் படி: மூடிக் கிடந்ததைத் திறப்பது

இதுதான் கடினம், இதிலேதான் அதிக நேரம் போகும். பல வருடமாகக் கவலை, தனிமை, பயம், கோபம் எது வந்தாலும் நாங்கள் ஒரே மருந்தைப் போட்டோம். மருந்தை நிறுத்தினால் அடியில் இருந்தது மேலே வரும். அது விலகல் அறிகுறி இல்லை. அது உங்கள் சொந்த வாழ்க்கை, பிந்தி வந்து கதவைத் தட்டுகிறது.

என் கொப்பியில் 'மூ' எல்லாம் பின்னேரம் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் விழுந்திருந்தன. உளவளத்துணையாளர் கேட்டார்: "அந்த நேரம் வீட்டில முந்தி என்ன நடக்கும் தம்பி?" யோசித்தேன். அப்பா வேலையால் வந்து விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கும் நேரம். அப்பா போன வருடம் எனக்குப் பதினைந்து. போர்நிறுத்தம் வந்த சமாதானக் காலம், சந்திக்குச் சந்தி நெட் கஃபே திறந்த நேரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினாறு வருடம் எடுத்தது. கதிரை இப்போதும் விறாந்தையில்தான் கிடக்கிறது. ஒருவரும் இருப்பதில்லை.

இங்கே யாழ்ப்பாணத்தில் போரால் இடம்பெயராத வீடு இல்லை. 95 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2009 இல் வன்னியில் இருந்து மீண்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். 'ஏன் எனக்கு நெஞ்சு இப்படி அடிக்கிறது' என்பதற்கு ஆபாசப் படம் மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்வது பலருக்குச் சரிவராது.

'மூ' வந்தால் தண்ணீர் வார்ப்பதால் பயன் குறைவு. அதற்குப் பெயர் வைத்து எழுதுங்கள்: 'இது தனிமை', 'இது அண்ணையில் வந்த பொறாமை'. பிறகு ஒரு ஆளோடு கதையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்துப் பக்கம் போவேன். அங்கே மீன் பிடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாலே ஒரு மணித்தியாலம் போய்விடும். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போகலாம், விளையாட்டுக் கழகத்துக்குப் போகலாம். மனம் வந்தபிறகு போவோம் என்று இருந்தால் போகவே மாட்டீர்கள். முதலில் கால் போகவேண்டும், மனம் பின்னால் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றே இந்த அடிப்படையில்தான் இருக்கிறது.

நான்காம் படி: உடம்பைப் பரிசோதிப்பதை நிறுத்துங்கள்

இது 'ப' வுக்கு. விட்டபிறகு சில கிழமையோ மாதமோ பாலுணர்வே செத்ததுபோல் இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கும் இருந்தது. பெரும்பாலும் தானாகத் திரும்பும். கெடுப்பது நாங்கள்தான்: 'வேலை செய்யுதோ' என்று பார்க்க ஒரே ஒருமுறை படத்தைத் திறப்பது. எனக்குத் தெரிந்து திரும்ப விழுந்தவர்களில் பாதிப் பேர் இந்த வாசலால்தான் போனார்கள், நானும் ஒருமுறை. கலியாணம் செய்தவர்கள் மனைவியிடம், "எனக்குக் கொஞ்சக் காலம் இப்படித்தான் இருக்கும், உம்மில பிழை இல்லை" என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் தன்னில்தான் குறை தேடுவார்.

நித்திரையில் விந்து வெளியேறுவது பற்றியும் ஒன்று. பழக்கத்தை நிறுத்தியபிறகு அது கூடலாம். அது உடம்பின் இயல்பு. 'ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி இரத்தம்', 'தாது நட்டம்' என்று சொல்லி லேகியம் விற்பவர்களை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். விந்து போவதால் பலம் போகிறது என்ற பயமே களைப்பையும் படபடப்பையும் உண்டாக்கும். தெற்காசிய ஆண்களிடம் காணப்படும் இந்த நிலைக்கு உளமருத்துவத்தில் 'தாத்' என்று பெயரே உண்டு.

விடிய எழும்பும்போது விறைப்பு அநேகமாக இருக்கிறது, துணையோடு இருக்கும்போது மட்டும் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் மனம். மாதக்கணக்கில் எப்போதுமே இல்லை என்றால் சீனி, பிரஷர் பார்க்க வேண்டும். 'விலகல்' என்று நீங்களே முடிவு கட்டவேண்டாம்.

ஐந்தாம் படி: நித்திரை

நித்திரை கெட்டால் மூன்று எழுத்தும் கூடும். போன் படுக்கிற அறைக்குள் வரக்கூடாது. "அலாரம் வைக்க வேணுமே" என்பீர்கள். சந்தைப் பக்கம் ஒரு மேசை மணிக்கூடு வாங்குங்கள். என்னுடையது டிக் டிக் என்று சத்தம் போட்டு முதல் இரண்டு இரவு அரிகண்டம் தந்தது, பிறகு பழகிவிட்டது. போன் இரவு ஒன்பதுக்கு ஹோலில், ஃபிரிட்ஜுக்கு மேலே. பின்னேரம் நாலுக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழும்பி வெளியில் ஒரு கதிரையில் இருங்கள். கட்டிலை நித்திரைக்கு மட்டும் வையுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். படம் பார்ப்பதுபோல் கனவு வந்தால் அது விழுந்ததாகக் கணக்கில்லை.

ஆறாம் படி: போனும் இணையமும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாலாம் மாதத்தில் பூட்டுகள் பெரிதாக உதவுவதில்லை. வீட்டு ரவுட்டரில் டி.என்.எஸ். முகவரியை (இணையத்தளங்களைத் தேடிக் கொடுக்கும் சேவையின் இலக்கம்) 1.1.1.3 என்று மாற்றுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் இலவசமாகத் தருவது, ஆபாசத் தளங்களில் பெரும்பாலானதை மறிக்கும். கடவுச்சொல்லைத் தம்பியிடமோ நண்பனிடமோ கொடுங்கள். இரவு டேட்டா கூடக் கிடைக்கும் பக்கேஜ் போடாதீர்கள். முக்கியமாக, பழைய பழக்கத்தின் இடத்தில் ரீல்ஸ், டிக்டொக் வந்து குந்துவதைக் கவனியுங்கள். விரல் அதே விரல், தேடுவது அதே தேடல்.

ஏழாம் படி: வழுக்கினால்

நாள் எண்ணுவதை நான் நூற்றிருபதோடு விட்டேன். காரணம் இருக்கிறது. ஒருநாள் விழுந்தால் 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று மனம் சொல்லும். அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு தடவை ஒரு கிழமையாக நீளும். மார்லட் தன் ஆய்வுகளில் இதையும் எழுதியிருக்கிறார்: விழுந்ததைவிட விழுந்ததற்கு நாங்கள் கொடுக்கும் அர்த்தம்தான் அதிகம் கெடுக்கிறது. நல்லூர்க் கொடியேறி இருபத்தைந்து நாள் விரதம் இருக்கிறவர் ஒருநாள் மறந்து மச்சம் தொட்டால் அடுத்தநாளே கறிச்சட்டியை அடுப்பில் வைப்பதில்லை.

விழுந்த அன்றே கொப்பியை எடுங்கள். முன்னுக்கு நடந்த ஆறு மணித்தியாலத்தை எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம். எழுதி முடித்துக் குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள். அந்த ஆளிடம் சொல்லுங்கள்.

எந்த ஆளிடம்?

அம்மாவிடம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. வாய் காக்கக்கூடிய ஒருவர் போதும். நான் சொன்னது கூடப்படித்த ஒருவனிடம், தட்டாதெருச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு வெளியில், சைக்கிளை உருட்டிக்கொண்டு.

"மச்சான், ஒரு விசயம். சிரிக்காத."

"சொல்லு."

சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "நானும் தாண்டா" என்றான்.

எல்லாருக்கும் இப்படி அமையாது. நான் முதலில் போன ஒரு தனியார் இடத்தில், வாசலில் இருந்தவர் வந்த காரணத்தைச் சத்தம்போட்டுக் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன், பிறகு போக நாலு மாதம் எடுத்தது. உங்களுக்கு அப்படி நடந்தால் "வைத்தியரிட்ட நேரில சொல்லுறன்" என்றால் போதும். உள்ளே போய் இப்படிச் சொல்லலாம்: "டொக்டர், ஆபாசப் படம் பார்க்கிற பழக்கம் இருந்தது, விட்டு இவ்வளவு மாதம், இன்னும் நித்திரை இல்லை, மனம் சரியில்லை." அவர்கள் கேட்காத கதை இல்லை இது.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை என்றபடியால் காசு இல்லை. தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. கண்டார்கள். நித்திரைக்கு மருந்து எடுக்க வந்ததாகச் சொன்னேன், அது பொய்யும் இல்லை. இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம்.

இரண்டு கிழமைக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு, முந்தி பிடித்த எதுவும் பிடிக்காமல், சாப்பாடோ நித்திரையோ கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் இருக்கிறது. 'இன்னும் பொறுத்தால் விலகல் முடியும்' என்று காத்திருப்பது வீண். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும்கூட இதே களைப்பைத் தரும், இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். செத்தால் என்ன என்ற நினைவு எட்டிப் பார்த்தால் இந்தக் கொப்பி, வாளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள், அல்லது 1926 க்கு எடுங்கள்.

எவ்வளவு காலம்?

எல்லாரும் கேட்பது இது. ஒரே பதில் இல்லை. என் கொப்பியைப் பார்த்தால் நாலாம் மாதம் 'அ' கிழமைக்கு நாலு. ஏழாம் மாதம் கிழமைக்கு ஒன்று. பத்தாம் மாதத்தில் முழுதாகப் பதினெட்டு நாள் வெறுமையாகக் கிடக்கிறது. நேர்கோட்டில் குறையவில்லை. எட்டாம் மாதம் திரும்ப ஏறியது, ஏனென்றால் ஐப்பசி மழை. பின்னேரம் சைக்கிள் ஓட முடியாது, கரண்ட் போகும், வீட்டுக்குள் அடைந்து கிடக்கவேண்டும். அடுத்த வருடம் புரட்டாசியிலேயே கொப்பியின் பின்பக்கத்தில் மழைக்கு என்று ஒரு பட்டியல் எழுதினேன்: மழைக் கோட், டோர்ச், மணிக்கூட்டுக்கு பட்டரி, நூலகத்தில் இருந்து இரண்டு தடித்த புத்தகம், பின்னேரம் ஐந்துக்கு அம்மாவோடு குசினியில் தேங்காய் துருவுவது. அம்மா காரணம் கேட்கவில்லை. துருவலையை என் பக்கம் தள்ளிவிட்டு, "கண் இல்லாத பாதியை நீ துருவு, அது லேசு" என்றார்.